எழுத்துக் கூட்டும் வயது

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நலம். உங்கள் மூவரின் நலமறிய ஆவல்.

சில வாரங்களாகப் பாப்பாவின் குரலைக் கேட்க முடியவில்லை. ஒருமுறை வீட்டுப்பாடம் எழுதுகிறாள் என்கிறாய், மறுமுறை தூங்கிவிட்டாள் என்கிறாய். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை மாலையிலும் அவ்வளவு வீட்டுப்பாடமா என்று நான் கேட்கவில்லை. ஓய்வு பெறும்வரை ஒன்றாம் வகுப்பிலேயே இருந்தவள் என்ற முறையில்தான் இதை எழுதுகிறேன். மாமியார் குறை சொல்கிறார் என்று உன் மனைவி நினைத்துவிடாதபடி நீயே அவளுக்கு இதைப் படித்துக் காட்டு.

கடைசியாக அவள் எனக்குப் படித்துக் காட்டிய பக்கத்தில் ஒரு பட்டம் பறந்துகொண்டிருந்தது; அதன் கீழே ‘பட்டம்’ என்று அச்சிட்டிருந்தது. அவள் கொஞ்சமும் தயங்காமல் “காத்தாடி” என்றாள். எழுத்தைப் பார்த்துச் சொல் என்று நீ பின்னாலிருந்து அதட்டினாய். அவள் விரலை வைத்து, “ப, இட், ட, இம்” என்று ஒன்றுகூடப் பிசகாமல் சொல்லிவிட்டு, உன் முகத்தை நிமிர்ந்து பார்த்து, மறுபடியும் “காத்தாடி” என்றாள். அதன் பிறகு நீ போட்ட சத்தத்தைப் பற்றி நான் எழுத வரவில்லை.

நான்கு எழுத்தையும் அவள் சரியாகச் சொன்னதை நீ கவனித்தாயா? அவளுக்கு எழுத்து தெரிகிறது, கூட்டத்தான் தெரியவில்லை. ஒன்று வந்துவிட்டால் மற்றது தானாக வந்துவிடும் என்று பெற்றோர்கள் நினைக்கிறார்கள். ஆசிரியர்களிலும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். மெய்யெழுத்தைத் தனியாக உச்சரிப்பது கடினம் என்பதால் முன்னால் ஓர் இகரத்தைச் சேர்த்து இக், இங், இச் என்று சொல்லிக்கொடுக்கிறோம். வரிசையாக ஒப்பிப்பதற்கு அது நன்றாக உதவும். சொல்லுக்குள் வந்துவிட்டால் அந்த இகரமே குறுக்கே நிற்கும். ‘ப, இட், ட, இம்’ என்பதை எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் ‘பயிட்டயிம்’ என்றுதான் காதில் விழும்; அதில் பட்டம் எங்கே இருக்கிறது? அதனால்தான் குழந்தை படத்தைப் பார்த்தாள். படத்தில் இருந்தது காத்தாடிதான்.

ஆகவே மெய்யைத் தனியே நிறுத்தாதே. அதற்கு முந்திய எழுத்தோடு சேர்த்தே சொல்லச் சொல்: பட், டம். முதலில் கல், பல், கண், மண் போன்ற ஈரெழுத்துச் சொற்கள் போதும். அவை தடையில்லாமல் வந்த பிறகு படம், மரம், பழம் என்று போகலாம். புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே காதுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். நடந்து போகும்போது, “நான் ம, ரம் என்று பிரித்துச் சொல்கிறேன், நீ சேர்த்துச் சொல்” என்று விளையாடு. மரம், மலை, கல் ஆகிய மூன்றில் எது வேறு மாதிரித் தொடங்குகிறது என்று கேள். ‘படம்’ என்பதில் முதல் எழுத்தை எடுத்துவிட்டு ‘தடம்’ ஆக்கச் சொல். காதில் பிரிக்கவும் சேர்க்கவும் தெரியாத பிள்ளையால் கண்ணால் கூட்ட முடியாது. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். அதற்கு மேல் வேண்டாம்.

எழுதும் வேலையைக் குறைத்துவிடு. பத்து முறை எழுது என்றால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்பதை அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முதலில் மேலிருந்து கீழாகப் பத்து ‘ப’ போடுவார்கள். பிறகு அதன் பக்கத்தில் பத்து ‘ட்’, அதன் பிறகு பத்து ‘ட’. பக்கம் அழகாக நிரம்பிவிடும், ஆனால் பட்டம் என்ற சொல்லை ஒருமுறைகூட எழுதியிருக்க மாட்டார்கள்.

247 எழுத்தையும் அரையாண்டுக்குள் முடித்துவிட்டார்கள் என்றும் இவள் மட்டும் பின்தங்கிவிட்டாள் என்றும் நீ உன் அக்காவிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். வகுப்பில் பாடம் முடிவதும் பிள்ளைக்கு அது கைவருவதும் ஒன்றல்ல. கன்னடக் குழந்தைகளை ஆராய்ந்து சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட கட்டுரை, இத்தனை எழுத்துகள் கொண்ட எழுத்துமுறையில் அவை முழுவதும் வசப்படுவதற்கு முதல் இரண்டு வகுப்புகள் போதுவதில்லை என்று காட்டியது. நம் பிள்ளைகளிடமும் நான் கண்டது அதுதான். ‘கெ’ என்பதையே எடுத்துக்கொள். கண்ணில் முதலில் படுவது ஒற்றைக்கொம்பு, வாயில் முதலில் வர வேண்டியது ககரம். இடமிருந்து வலமாகப் படி என்று நாம் சொன்னதை அப்படியே நம்பும் குழந்தை அங்கே தடுக்கி விழத்தான் செய்யும். உகர வரிசையோ இன்னும் கடினம். கு, பு, து மூன்றிலும் இருப்பது ஒரே உகரம், வடிவமோ மூன்றிலும் வேறு. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துகளைச் சீர்திருத்தியபோது ணா, றா, னா, லை போன்றவற்றின் பழைய வடிவங்கள் போயின, ஆனால் உகரத்தை யாரும் தொடவில்லை. அந்த வரிசையில் அவள் தடுமாறினால் பொறுமையாக இரு.

இன்னொன்று. ‘பூனை வந்தது’ என்று புத்தகத்தில் இருப்பதை அவள் ‘பூனை வந்துச்சு’ என்று படித்தால் அதற்காக அதட்டாதே. அப்படிப் படிக்கும் பிள்ளைக்குப் பொருள் புரிகிறது என்று அர்த்தம். முழுவதும் படிக்க விட்டுவிட்டு, புத்தகத்தில் எப்படிப் போட்டிருக்கிறது என்று மெதுவாகக் காட்டினால் போதும்.

உனக்குப் பதவி உயர்வு கிடைத்ததையும் உன் அக்காதான் சொன்னாள். மிகவும் பெருமையாக இருந்தது. என்னிடம் நீயே சொல்லியிருக்கலாம். வேலைப் பளு கூடியிருக்கும், களைத்துப்போய் வீட்டுக்கு வருவாய். அந்தக் களைப்போடு அவளைப் புத்தகத்தின் முன்னால் உட்காரவைக்காதே. காலையில் பத்து நிமிடம் ஒதுக்கு. அவளுக்கு எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்கார்; எதிரே உட்கார்ந்தால் அவள் எழுத்தைப் பார்க்க மாட்டாள், உன் முகத்தைத்தான் பார்ப்பாள்.

இவ்வளவு எழுதியும் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. உன் பயம் என்ன என்பது எனக்குத் தெரியும் தம்பி. உன் சின்னச் சித்தப்பாவைப் பற்றி நம் வீட்டில் யாரும் பேசுவதில்லை. கணக்கில் அவரை மிஞ்ச நம் குடும்பத்தில் ஆளில்லை என்பதும், அவருக்கு வந்த கடிதங்களையெல்லாம் கடைசிவரை யார் படித்துச் சொன்னார்கள் என்பதும் உனக்குத் தெரியும். நான் மருமகளாக வந்தபோது அவர் பள்ளிக்கூடத்தை விட்டிருந்தார். உன் தாத்தா அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த விதத்தை உன் பாட்டி என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார். அதைச் சொன்ன அன்று முழுவதும் பாட்டி சாப்பிடவில்லை. நீ ஒன்றாம் வகுப்பில் இருந்த ஆண்டு முழுவதும் எனக்கும் இதே பயம் இருந்தது. நீ வாய்விட்டுப் படிக்கும்போதெல்லாம் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பேன். அன்று உன் சத்தத்தைத் தொலைபேசியில் கேட்டபோது எனக்கு உன் தாத்தாவின் நினைவுதான் வந்தது.

வாசித்தல் குறைபாடு, டிஸ்லெக்சியா என்கிறார்களே, அது குடும்பங்களில் தொடர்ந்து வரக்கூடியது என்பது உண்மைதான். அதற்கும் அறிவுக்கும் சம்பந்தமில்லை என்பதும் உண்மை. முறையாக, ஒலியிலிருந்து தொடங்கி, படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தால் அந்தப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. உன் சித்தப்பாவுக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. பாப்பாவுக்கு அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஒன்றாம் வகுப்பின் பாதியில் கூட்டத் தெரியாமல் இருப்பதை வைத்து யாராலும் எதையும் முடிவு செய்ய முடியாது. அப்படி இருந்த எத்தனையோ பிள்ளைகள் ஆண்டு முடிவதற்குள் கடகடவென்று படித்ததைப் பார்த்திருக்கிறேன். இருந்தால் என்ன செய்வது என்பதற்கும் இன்று வழி இருக்கிறது என்றுதான் சொல்கிறேன்.

இந்த மாதத்துக்குள் அவளுடைய கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடு. சளி பிடித்துக் காது அடைத்துக்கொண்டிருந்தால்கூட ஒலிகளைப் பிரித்தறிய முடியாமல் போகும், வெளியில் தெரியவே தெரியாது. இரண்டிலும் குறை இல்லையென்றால் நான் சொன்னபடி பத்து நிமிடம், சத்தம் இல்லாமல், தினமும் செய். ஆண்டு முடிவில் அவளால் பல், படம் போன்ற சொற்களைக்கூடக் கூட்ட முடியாவிட்டால் வகுப்பாசிரியையிடம் பேசி, சிறப்புப் பயிற்சி பெற்ற ஒருவரிடம் அவளைக் காட்டலாம். சித்தப்பாவைப் பற்றியும் அவரிடம் மறைக்காமல் சொல். இரவில் நீயோ அவள் அம்மாவோ ஒரு கதையைப் படித்துக் காட்டுங்கள். அதில் கேள்வி எதுவும் கேட்க வேண்டாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளை என்னோடு பேசவிடு. படிக்கச் சொல்ல மாட்டேன். அவள் தானாக எழுதிய ஏதாவது ஒரு தாளைப் பிழை திருத்தாமல் படம் எடுத்து அனுப்பு. எந்த எழுத்தை எங்கே விடுகிறாள் என்று பார்த்தால், அவள் காதில் எது விழுகிறது, எது விழவில்லை என்பதை ஓரளவு என்னால் சொல்ல முடியும்.

அன்புடன்,
அம்மா