சென்னை மேயர்: வாக்களிக்கும் முன்பே பெயர் தெரியட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னை மாநகராட்சியின் அடுத்த மேயர் வேட்பாளர் யார் என்ற பேச்சு, அங்கே உறவும் வீடும் வைத்திருக்கும் சிங்கப்பூர்த் தமிழர்களிடமும் தேர்தலுக்கு வெகு முன்னரே தொடங்கிவிடுகிறது. தேக்காவில் ஒரு காப்பிக்கடை மேசையைச் சுற்றி நான்கு பேர் அமர்ந்தால் ஐந்து பெயர்கள் வருகின்றன. ஆனால், இப்போதுள்ள முறைப்படி அப்பெயர்களுள் எதற்கும் மேயர் பதவிக்கென்று சென்னைவாசி வாக்களிக்கப் போவதில்லை. அவர் தம் வார்டு உறுப்பினரை மட்டுமே தேர்ந்தெடுக்கிறார்; மேயரை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1996லும் 2001லும் திரு மு.க. ஸ்டாலினையும், 2011ல் திரு சைதை துரைசாமியையும் சென்னை மக்கள் நேரடியாகவே மேயராக்கினார்கள். இடையில் 2006ல் திரு மா. சுப்பிரமணியன் உறுப்பினர்களால் தேர்வு செய்யப்பட்டார். 2019ல் கொண்டுவரப்பட்ட அவசரச் சட்டம் மறைமுகத் தேர்தலை மீண்டும் நிலைநிறுத்தியது. இந்த விதியை மாற்றுவதில் இரு பெரிய கழகங்களுக்கும் பங்குண்டு என்பதால், ஒரு தரப்பை மட்டும் குறைசொல்ல இயலாது.

2022ல் நடந்ததை எண்ணிப் பார்க்கலாம். பிப்ரவரி 19ஆம் தேதி வாக்குப்பதிவு. 22ஆம் தேதி எண்ணிக்கை. மொத்தமுள்ள 200 வார்டுகளில் 153ஐ வென்ற திமுக, தன் மேயர் வேட்பாளராகத் திருமதி ஆர். பிரியாவை மார்ச் 3ஆம் தேதிதான் அறிவித்தது; மறுநாள் அவர் போட்டியின்றித் தேர்வானார். 74ஆவது வார்டு வாக்காளர்களைத் தவிர மற்ற எவரும் அவருக்கென்று வாக்களித்திருக்கவில்லை. இது அவர்மீதான குறையன்று. 1688ல் தோன்றிய மாநகராட்சிக்கு முதல் தலித் பெண் மேயர் வந்தது, அப்பதவி அந்தப் பிரிவுக்கு ஒதுக்கப்பட்டதால்தான். அதை நான் மனமார வரவேற்றேன். ஒதுக்கீடு எந்தப் பிரிவுக்கு என்பது தெரியாமல் பெயர்களை அடுக்குவது வீண்வேலை என்பதையும் அதே தேர்தல் காட்டியது.

சிங்கப்பூரர்களான நாம் இதில் அறிவுரை சொல்லும் இடத்தில் இல்லைதான். நம் ஐந்து சமூக மேம்பாட்டு மன்றங்களின் மேயர்களும் நியமிக்கப்படுபவர்களே. 1957 டிசம்பரில் 32 இடங்கள் கொண்ட நகர மன்றத்துக்கு நடந்த தேர்தலிலும் மக்கள் தேர்ந்தெடுத்தது உறுப்பினர்களைத்தான். 13 இடங்களை வென்ற மக்கள் செயல் கட்சியின் திரு ஓங் எங் குவான் அதன்பின் மேயரானார்.

நேரடித் தேர்தலை மீட்பது சட்டமன்றத்தின் வேலை. ஆனால், வாக்குப்பதிவுக்கு முன்பே மேயர் வேட்பாளரின் பெயரையும் அவர் நிற்கும் வார்டையும் அறிவிக்க எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. கட்சிகள் விரும்பினால் போதும். அறிவித்துவிட்டால், மழைநீர் வடிகாலைப் பற்றியும் குப்பை அகற்றுவதைப் பற்றியும் அவரிடமே நேராகக் கேட்கலாம். மேயரின் அதிகாரம், அரசு நியமிக்கும் மாநகராட்சி ஆணையரின் அதிகாரத்தைவிடக் குறைவு என்று சொல்பவர்கள் உண்டு. அப்படியானால் அந்தக் குறைந்த அதிகாரத்தை வைத்து என்ன செய்வீர்கள் என்பதும் கேட்கத்தக்க கேள்வியே.

வேளச்சேரியில் வசிக்கும் என் தங்கையின் வீட்டுக்குள் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் புகுந்தது. தம் வார்டு உறுப்பினரின் கைப்பேசி எண் அவரிடம் இருந்தது. அந்த உறுப்பினருக்குத்தான் அவர் வாக்களித்திருந்தார். மேயர் யார் என்பதை மட்டும், ஈசூனில் இருக்கும் என்னைப் போலவே, அவரும் நாளிதழில் படித்துத்தான் தெரிந்துகொண்டார். எனவே, மேயர் பதவிக்குப் பேசப்படுவோரைப் பற்றித் தங்கள் நாளிதழில் செய்தி வெளியிடும்போது, அவர்கள் எந்த வார்டில் நிற்கிறார்கள், அங்கே இதுவரை என்ன செய்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஈசூன்