அந்த ‘டொக்’ சத்தத்தை அப்படியே விட்டுவிடாதே

அன்புள்ள நண்பா,

நாலு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. கோபத்தில் இருப்பாய், நியாயம்தான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது தானே செய்தித்தாள் படிக்கிறாள். சின்னவளுக்குப் பரீட்சை. வேறு புதிதாக ஒன்றுமில்லை. உன் வீட்டில் எல்லோரும் சௌக்கியம்தானே?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதமே உன் காருக்காகத்தான். போன தடவை பேசும்போது, ரிவர்ஸ் எடுத்து ஸ்டீரிங்கை ஒடித்தால் முன்பக்கம் ‘டொக்’ என்கிறது, பழைய வண்டி என்றால் சத்தம் போடத்தான் செய்யும் என்றாய். நானும் ஆமாம் என்று சொல்லி வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை என் வண்டிக்கடியில் ஒன்றைப் பார்த்தேன். அதிலிருந்து உன் ‘டொக்’ என் மண்டைக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

முதலில் என் கதை. வண்டிக்குப் பதினாறு வயதாகிறது, உனக்கே தெரியும். ஆறு மாதமாக முன்பக்கத்தில் ‘டக டக டக’ என்று ஒரு சத்தம். பெரிய பள்ளத்தில் விழுந்தால் வராது. பொடிப்பொடியாக மேடு பள்ளம் உள்ள சாலையில் மெதுவாகப் போனால்தான் வரும். ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, ‘ஷாக் போயிடுச்சு சார்’ என்று முன்பக்கம் இரண்டு ஷாக் அப்சார்பரையும் மாற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வரும் வழியிலேயே அதே சத்தம், அதே மூலையில். காசு போனதைவிட, ஒருத்தர்கூடக் கையை வைத்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொன்னார்களே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கழற்றிய ஷாக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மேலே மெல்லிசாக எண்ணெய் பூத்திருந்தது, அவ்வளவுதான். அந்த ஈரம் சகஜம். எண்ணெய் கோடு கோடாக வழிந்து தூசி அப்பிக் கிடந்தால்தான் ஷாக்கின் கதை முடிந்தது என்று அர்த்தம். பானெட் ஓரத்தை அமுக்கிவிட்டுப் பார்ப்போமே, அதையும் ஓரளவுக்குத்தான் நம்பலாம். மூன்று நான்கு முறை குதித்தால் ஷாக் போய்விட்டது நிச்சயம். ஒரே எழும்பலில் நின்றுவிட்டது என்பதற்காக நல்ல ஷாக் என்று சொல்லிவிட முடியாது. டயர் பொய் சொல்லாது. ஷாக் போயிருந்தால், அதைச் சுற்றிலும் கையை ஓட்டிப் பார்க்கும்போது மேடும் குழியுமாகக் கிண்ணம் கிண்ணமாகத் தேய்ந்திருக்கும்.

வாத்தியார் என்ன சொல்வார்? ‘காதால கேட்காதே, கையால கேளு.’ அந்த ஸ்பானர் விவகாரத்துக்குப் பிறகு அவர் சொன்ன எதையும் நீ மதிப்பதில்லை, ஆனால் இதில் அவர் நூற்றுக்கு நூறு சரி. சத்தம் பாடியின் இரும்பு வழியாக ஓடி எங்கேயோ போய்க் கேட்கும். இடது மூலை என்று நான் சத்தியம் செய்திருப்பேன். கடைசியில் பார்த்தால் வலதுபக்க லிங்க் ராடு, வளைவில் வண்டி சாயாமல் தாங்கும் ஸ்டெபிலைசர் பாரைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் குட்டிக் கம்பி.

அதைக் கண்டுபிடித்த விதத்தைச் சொல்கிறேன். வண்டி நாலு சக்கரத்திலும் தரையில் நின்றது. ஸ்டீரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு லிங்க் ராடின் மேல் முனையைப் பிடித்துக்கொண்டேன். தம்பி கூரைக் கம்பியைப் பிடித்து வண்டியைப் பக்கவாட்டில் ஆட்டினான். விரல் நுனியில் ‘டிக்’ என்று தட்டியது. மறுபடி ஆட்டச் சொன்னேன், மறுபடி ‘டிக்’. ஆறு மாதம் தேடிய சத்தம் என் இரண்டு விரலுக்கு நடுவில் இருந்தது! ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கேறி லிங்க் ராடை விறைப்பாகப் பிடித்துக்கொள்ளும், ஆட்டம் தெரியவே தெரியாது. ஒர்க்‌ஷாப்பில் தூக்கி வைத்துத்தான் பார்த்திருப்பார்கள். லிங்க் ராடை மாற்றினேன், வண்டி ஊமையாகிவிட்டது.

இதோடு முடிந்திருந்தால் உனக்குச் சந்தோஷமாக நாலு வரி எழுதியிருப்பேன். லிங்க் ராடு மாற்ற வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தேன் அல்லவா, அப்போது சும்மா சக்கரத்தையும் ஆட்டிப் பார்த்தேன். கடிகாரத்தில் 9, 3 இருக்கும் இடத்தில் பிடித்து ஆட்டினேன், கெட்டியாக இருந்தது. அப்படியென்றால் டை ராடு எண்ட், அதாவது ஸ்டீரிங் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியின் முனை, பரவாயில்லை. 12, 6 இருக்கும் இடத்தில் பிடித்து ஆட்டினேன். லேசாக ஒரு ‘க்ளக்’. வீல் பேரிங்காக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். தம்பியை பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். பிரேக் பிடித்தால் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கும் அதைக் கவ்வும் கேலிப்பரும் ஒன்றாகிவிடும், பேரிங் ஆட்டம் நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் கீழே பால் ஜாயிண்டின், அதாவது கிண்ணத்துக்குள் ஒரு குண்டு சுழலும் மூட்டின், ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் எல்லாம் போய், உள்ளேயிருந்து துருத் தண்ணீர் கசிந்து காய்ந்திருந்தது. ரப்பர் கிழிந்தால் தண்ணீரும் மணலும் உள்ளே போய்க் குண்டை அரைத்துவிடும்.

முன்பு ஒரு ராத்திரி முழுக்க நீ என்னோடு சண்டை போட்டாயே, ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் ஒரே தூணாக்கிச் சக்கரத்தைப் பிடிக்கும் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் ஒரு சிக்கன வேலை என்று? ஏர்ல் மெக்ஃபர்சன் வடிவமைத்தது, 1950-ல் ஃபோர்டு கான்சலில் வந்தது, இன்றைக்குச் சின்னக் கார்களில் முன்பக்கம் பெரும்பாலும் அதுதான். நான் இன்னமும் அவர் கட்சிதான். ஆனால் ஒன்றை அன்றைக்கு நாம் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. அதில் மேல் ஆர்ம், அதாவது சக்கரத்தை மேலே வண்டியோடு இணைக்கும் கை, கிடையாது. சக்கரத்தை மேலே ஸ்ட்ரட் பிடித்திருக்கிறது, கீழே பிடித்திருப்பது ஒரே ஒரு பால் ஜாயிண்ட். அது கழன்றால் சக்கரத்தின் அடிப்பக்கம் வெளியே போய்விடும், ஸ்டீரிங் இருந்தும் பிரயோசனமில்லை. அந்த வண்டியில்தான் முந்தின வாரம் அம்மாவையும் சின்னவளையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் 90-ல் போய் வந்தேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

என் வண்டியில் பால் ஜாயிண்ட் லோயர் ஆர்மோடு சேர்ந்தே வருகிறது, ஆர்மையே மாற்றிவிட்டேன். நீ மாற்றும்படி ஆனால் ஒன்றை மட்டும் நின்று கவனி. ஆர்ம் வண்டியோடு சேரும் இடத்தில் புஷ் என்ற ரப்பர் இருக்கும் போல்ட்டை வண்டி அந்தரத்தில் தொங்கும்போது கடைசி முறுக்கு முறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் பட்டு, பாரம் இறங்கிய பிறகுதான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் புஷ் ரப்பர் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரத்தில் கிழிந்துவிடும். முடிந்ததும் அலைன்மெண்ட் பார்த்துவிடு.

இப்போது உன் ‘டொக்’. வண்டி நிற்கும்போதே ஸ்டீரிங்கைத் திருப்பினால் வருகிறதா? அப்படியானால் இன்னொருவரைத் திருப்பச் சொல்லிவிட்டு ஸ்ட்ரட் ஸ்பிரிங் மேல் கையை வை. விரல் சுருளுக்கு நடுவில் போகாமல் பார்த்துக்கொள். ஸ்பிரிங் சீராகச் சுழலாமல் முறுக்கிக்கொண்டு நின்று சட்டென்று துள்ளினால் மேலே ஸ்ட்ரட்டைத் தாங்கிச் சுழலவிடும் ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங்தான். முன்னே போய் நிறுத்தி, பின்னே எடுத்து நிறுத்தும்போது தலா ஒரு தடவை மட்டும் கேட்டால் லோயர் ஆர்ம் புஷ்ஷைப் பார். ஆக்சிலேட்டர் கொடுத்துத் திரும்பும்போது ‘டிக்டிக்டிக்’ என்று தொடர்ந்தால் அது சஸ்பென்ஷனே இல்லை, இன்ஜின் இழுவையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஆக்சில் ஜாயிண்ட். எப்படி இருந்தாலும் 12, 6 பிடித்து ஆட்டிப் பார்க்காமல் விடாதே. வெறும் ஜாக்கியை நம்பி அடியில் நுழையாதே, ஸ்டாண்டு கொடு, பின் சக்கரத்துக்குக் கட்டை வை. நீ அவசரக்காரன் என்பதால் இரண்டு முறை சொல்கிறேன்: ஸ்டாண்டு கொடு.

பார்க்கும் வரைக்கும் குழந்தைகளை அந்த வண்டியில் ஏற்ற வேண்டாம். உன் மனைவியிடமும் இதைச் சொல்லிவிடு, நீ மறந்தாலும் அவர் மறக்கமாட்டார். ரப்பர் கிழிந்திருந்தால் நேரம் காலம் பார்க்காமல் எனக்குப் போன் செய், தம்பியையும் கூட்டிக்கொண்டு நானே வருகிறேன். புது ஆர்ம் பொருத்த இரண்டு பேர் இருந்தால் அரை நாள் வேலைதான்.

அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்