காஸ்பரோவுக்கு, அந்த 11 ஓட்டு பற்றி

மதிப்பிற்குரிய காரி காஸ்பரோவ் அவர்களுக்கு,

வணக்கம். 2014 ஆகஸ்டில் நார்வேயின் ட்ரொம்சோ நகரில் நடந்த ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) தலைவர் தேர்தலில், ஏற்கெனவே தலைவராக இருந்த கிர்சான் இல்யூம்ஜினோவுக்கு 110 ஓட்டு, உங்களுக்கு 61. எனக்கு வருத்தம்தான். வேற்றுக்கிரகவாசிகள் தன்னை விண்கலத்தில் கூட்டிப்போனதாகச் சொன்ன மனிதர் அவர். 2011-இல் நேட்டோ குண்டுவீச்சுக்கு நடுவே திரிப்போலிக்குப் போய் லிபியாவின் கடாஃபியோடு செஸ் ஆடியவர். அவரை இறக்கியே ஆகவேண்டும் என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன்.

சரி, அந்தத் தேர்தலுக்காக நீங்கள் செய்த ஒப்பந்தத்துக்கு வருகிறேன். அந்த வருஷம் ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட வரைவில் எல்லாமே கணக்காக இருந்தது. அப்போது ஃபிடே பொதுச்செயலாளராக இருந்த சிங்கப்பூரின் இக்னேஷியஸ் லியோங்குக்கு 5 லட்சம் டாலர். அவர் சம்பந்தப்பட்ட அகாடமிக்கு நான்கு வருஷத்துக்கு, வருஷம் இரண்டரை லட்சம். பதிலுக்கு அவர் தன் பகுதியிலிருந்து 11 ஓட்டு பிடித்துத் தரவேண்டும். செஸ் வளர்ச்சிக்கான பணம் என்றது உங்கள் தரப்பு. வளர்ச்சிக்கு என்றால் அந்த 11 எதற்கு?

ஃபிடேயில் ரஷ்யாவுக்கும் ஒரு ஓட்டுதான், நாலு பேர் ஆடுகிற தீவுக்கும் ஒரு ஓட்டுதான். பயணச் செலவுக்கே திண்டாடுகிற சின்னச் சங்கங்கள் கொடுக்கிற கையைப் பார்ப்பதில் ஆச்சரியமில்லை. அவர்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. 1995 முதல் தலைவராக இருந்த இல்யூம்ஜினோவுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. 2006-இல் அவரை எதிர்த்து நின்ற பெஸல் கோக் தோற்றார். 2010-இல் முன்னாள் உலகச் சாம்பியன் கார்ப்போவும் தோற்றார். உங்கள் பரம எதிரியான அவருக்காக நீங்களே ஓட்டுக் கேட்டீர்கள். அப்புறம்தான் இல்யூம்ஜினோவின் வழியிலேயே அவரைச் சாய்த்துவிடலாம் என்று தோன்றியிருக்க வேண்டும்.

2015-இல் ஃபிடேயின் நெறிமுறைக் குழு உங்களுக்கும் லியோங்குக்கும் இரண்டு வருஷத் தடை விதித்தது. அரசியல் பழிவாங்கல் என்றீர்கள். இருக்கலாம். ஆனால் அதற்கு ஆயுதம் எடுத்துக் கொடுத்தது நீங்கள்தானே?

2022-இல் தேர்தல் எங்கள் சென்னையிலேயே நடந்தது. உக்ரைனில் போர் நடக்கும்போதே, ரஷ்யாவின் முன்னாள் துணைப் பிரதமர் துவோர்கோவிச் ஆனந்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு 157-க்கு 16 என்று உக்ரைன்காரரை வென்றார். அடுத்த வருஷம், இரண்டு தடவைக்கு மேல் தலைவராக இருக்கக் கூடாது என்ற விதியையும் தூக்கிவிட்டார்கள். இதையெல்லாம் எதிர்த்து யாராவது நிற்க முன்வந்து உங்களிடம் யோசனை கேட்டால், லியோங்கோடு பேசியதை ஒன்றுவிடாமல் சொல்லிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஆட்டத்தின் ரசிகன்