சி.ஓ.ஏ. சான்றிதழும் செய்து பார்க்காத பாடமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குரூப் 4 தட்டச்சர் பணிக்கு டைப்ரைட்டிங் தேர்ச்சியோடு தொழில்நுட்பக் கல்வித் துறையின் சி.ஓ.ஏ. சான்றிதழும், அதாவது அலுவலக வேலைகளைக் கணினியில் செய்யும் பயிற்சிக்கான சான்றிதழும் கேட்கிறார்கள். இல்லாதவர்கள் பணியில் சேர்ந்து தகுதிகாண் பருவத்துக்குள் வாங்கிவிட வேண்டும். நல்ல விதி. என் ஆதங்கம் அதைச் சொல்லித்தரும் விதத்தைப் பற்றியது.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு எங்கள் பிரிவுக்கு ஒரு பெண் தட்டச்சராக வந்தார். தமிழ், இங்கிலீஷ் இரண்டு தட்டச்சிலும் ஹையர் கிரேடு தேர்ச்சி. விரல் பறக்கும். சி.ஓ.ஏ.வும் முடித்திருந்தார். வந்த வாரமே இருநூற்றுச் சொச்சம் பேருக்கு நோட்டீஸ் போக வேண்டியிருந்தது. பெயர், முகவரி, பாக்கித் தொகை எல்லாம் எக்செல்லில் இருந்தும், ஒவ்வொரு பெயராக அழித்து அழித்து அடித்துக்கொண்டிருந்தார். மொத்தத்தைக் கால்குலேட்டரில் கூட்டிக் கட்டத்தில் போட்டார்.

"மெயில் மெர்ஜ் தெரியாதாம்மா?" என்று கேட்டேன். பட்டியலில் உள்ள பெயர், முகவரிகளை ஒரே கடிதத்தில் தானாக நிரப்பித் தரும் வசதி அது.

"அதுக்கான ஸ்டெப்ஸை எழுதச் சொன்னா எழுதிடுவேன் சார். செஞ்சு பார்த்ததில்ல."

அவர் படித்த இன்ஸ்டிட்யூட்டில் நான்கு பேருக்கு ஒரு கம்ப்யூட்டராம். பரீட்சை நெருங்கியதும் நோட்ஸ் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் காட்டிக்கொடுத்தேன். மறுநாள் மதியத்துக்குள் அத்தனை நோட்டீசும் பிரிண்டாகி என் மேஜைக்கு வந்துவிட்டன. இவ்வளவு கெட்டிக்காரப் பெண்ணுக்கு அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுக்க இன்ஸ்டிட்யூட்டுக்கு மனம் வரவில்லையே என்று இன்றும் வருத்தமாக இருக்கிறது.

தமிழில் தட்டச்சு செய்வது இன்னொரு பாடு. தமிழ் 99 விசைப்பலகை வந்தது 1999-ல். எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழ் தமிழாகவே தெரிய உதவும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடை ஏற்று அரசு ஆணையிட்டது 2010-ல். ஆனாலும் எங்கள் பிரிவில் யூனிகோடு அல்லாத பழைய வானவில் எழுத்துருதான் ஓடிக்கொண்டிருந்தது. ஒருமுறை மேல் அலுவலகத்துக்கு மெயிலில் அனுப்பிய நான்கு பக்க அறிக்கை, அங்கே திறந்தபோது ஆங்கில எழுத்தும் புள்ளியும் குறியுமாகக் கிடந்தது. அந்த எழுத்துரு அவர்கள் கம்ப்யூட்டரில் இல்லை. அன்று சாயங்காலம் முழு அறிக்கையையும் யூனிகோடில் திரும்ப அடித்தோம்.

இன்ஸ்டிட்யூட்டுகளில் மாணவருக்கு ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறதா என்று துறை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். செய்முறைத் தேர்வில் ஒரு முகவரிப் பட்டியலைக் கையில் கொடுத்து, யூனிகோடு தமிழில் நோட்டீஸ் தயாரித்துக் காட்டச் சொல்ல வேண்டும். விடுமுறையில் டைப்ரைட்டிங் கிளாசுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரும், பணம் கட்டுமுன் எத்தனை பேருக்கு ஒரு கம்ப்யூட்டர் என்று கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்,
விழுப்புரம்.