தறிக்குடோன் கூரைக்கும் சூரிய மின்சாரம் கேட்டு ஒரு மனு

அனுப்புநர்:
சிறு விசைத்தறியாளர்கள் மற்றும் விவசாயிகள்,
பல்லடம் வட்டாரம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருப்பூர் மாவட்டம்.

பொருள்: விசைத்தறிக்கூடக் கூரைகளில் சூரிய மின்தகடு அமைக்க வங்கிக் கடனும், மின்பாதைத் திறன் உயர்வும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாங்கள் கூலிக்குக் காடா, அதாவது சாயம் போடாத துணி, நெய்கிறவர்கள். ஆளுக்கு நாலு தறி, மிஞ்சினால் ஆறு. பாதிப் பேருக்கு இரண்டு மூன்று ஏக்கர் தோட்டமும் உண்டு. இலவசம் கேட்டு இந்த மனுவை எழுதவில்லை. எங்கள் கைப்பணத்தைச் சூரிய மின்சாரத்தில் போடத் தயாராக இருக்கிறோம். போட விடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் அரசு இலவசமாகத் தருகிறது. பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் ஆறு தறி இரண்டு ஷிப்ட் ஓடினால் அது மூன்று வாரம்கூடத் தாங்குவதில்லை. அதற்கப்புறம் ஓடுகிற மீட்டர் எங்கள் கூலியைத்தான் தின்கிறது.

பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. அது வீட்டுக் கூரைக்கு மட்டும். மனு எழுதும் என் வீட்டில் ஓடுவது நாலு ஃபேன், ஒரு டிவி, ஒரு மிக்சி. அதிலும் முதல் 100 யூனிட் இலவசம். பத்தடி தள்ளித் தறிக்குடோன் இருக்கிறது. விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை கரண்டை இழுப்பது அதுதான். வெயில் அடிக்கிற நேரமும் தறி ஓடுகிற நேரமும் ஒன்றாக இருக்கிறது, மானியம் மட்டும் பக்கத்துக் கூரைக்குப் போகிறது. சரி, மத்திய அரசின் விதியைத் தங்களால் மாற்ற முடியாது, தெரியும். கடன் விஷயத்தில் தங்களால் முடியும்.

10 கிலோவாட் அமைக்கச் சுமார் ஆயிரம் சதுர அடி போதும். நாளுக்கு 40 யூனிட் அளவுக்குக் கிடைக்கும். எங்கள் சிமெண்ட் ஷீட் கூரைகள் தகட்டைத் தாங்காது என்பதால் இரும்புச் சட்டம் தனியே போட வேண்டும், அந்தச் செலவும் சேரும். இதற்குக் கடன் கேட்டுப் போனால் தோட்டத்துப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். குறு, சிறு தொழில்களுக்குக் குறிப்பிட்ட வரம்பு வரையிலான கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதை எடுத்துச் சொன்னவருக்கு, "அப்புறம் வாங்க பாக்கலாம்" என்று பதில் வந்தது. அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. தங்கள் தலைமையில் நடக்கும் மாவட்ட வங்கியாளர்கள் கூட்டத்தில் இந்த விதியை ஒருமுறை உரக்கப் படித்தாலே போதும்.

எங்களில் ஒருவர் யாரையும் நம்பாமல் சீட்டு எடுத்துத் தகடு மாட்டிவிட்டார். இணைப்புக் கேட்டால், டிரான்ஸ்பார்மரில் இடமில்லையாம். நாலு மாதமாக மேலே தகடு வெயிலில் காய்கிறது, கீழே தறி மின்வாரியத்துக் கரண்டில் ஓடுகிறது. அவரைப் பார்த்துவிட்டு மற்றவர்கள் பணத்தை எடுக்கத் தயங்குகிறார்கள்.

அரசு முதலில் வழி போட்டால் எங்களைப் போன்றவர்கள் பணமும் பின்னால் வரும். 1932இல் நீலகிரியின் பைக்காராவில் அரசு பணம் போட்டு நீர்மின்சாரம் எடுத்தது. அது வந்த பிறகுதான் கோவையில் மில்கள் பெருகின, கிணறுகளில் மோட்டார் இறங்கியது. பின்னாளில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பி உடுமலை, தாராபுரம், கேத்தனூர் பக்கமெல்லாம் காற்றாலை வைத்ததில் மில்காரர்கள் பணம் ஏராளம். இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. இருந்தும் ஆடி மாதம் ஆளைத் தள்ளுகிற காற்றில் சில காற்றாடிகள் சும்மா நிற்கின்றன. பராமரிப்பு ஆளைக் கேட்டால், "எடுத்துக்க லைன் கொள்ளலீங்க" என்கிறார், மின்பாதைக்கு அவ்வளவு தாங்கும் திறன் இல்லையாம். நல்ல காற்றுள்ள இடங்களில் இன்னமும் பழைய 250 கிலோவாட் மெஷின்கள் நிற்கின்றன. அவற்றைப் புதுப்பிக்க 2024இல் அரசு கொள்கை வெளியிட்டது. மெஷினை மாற்றுவது தனியார் பணம். துணைமின் நிலையமும் லைனும் அரசு போட்டால்தான் அது ஓடும்.

லைன் என்றதும் எங்கள் பக்கம் ஒரு கோபம் இருப்பது தங்களுக்கும் தெரியும். சத்தீஸ்கரிலிருந்து வரும் ராய்கர்–புகளூர் உயர்மின் கோபுரங்கள் தோட்டத்துக்குள் வந்தபோது, சாலையோரம் கேபிளாகப் புதைக்கச் சொல்லிப் போராடியவர்களில் எங்கள் உறவுக்காரர்களும் உண்டு. புகளூரிலிருந்து கேரளம் போகும் பாதையில் வடக்கஞ்சேரி முதல் திருச்சூர் வரை கேபிள் மண்ணுக்கடியில்தான் போகிறது. அங்கே முடிந்தது இங்கேயும் முடியும் என்றே நினைக்கிறோம். அதனால் புது லைன் போடும் முன் தோட்டக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள்.

தண்ணீரில்லாமல் தரிசாகக் கிடக்கும் நிலத்தில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை விவசாயியே சூரிய மின்நிலையம் அமைக்க மத்திய அரசின் குசும் திட்டம் வழி செய்தது. எந்தத் துணைமின் நிலையத்தில் எவ்வளவு இடம் காலி என்று ஊராட்சி அலுவலகத்தில் எழுதி ஒட்டினால், பத்துப் பேராவது முன்வருவார்கள்.

எங்கள் தறிக்குடோன்களை நேரில் பார்க்க வருவதானால் பகல் பன்னிரண்டு மணிக்கு வாருங்கள். தறிச் சத்தத்தில் உள்ளே பேச முடியாது. வெளியே வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு வைக்கிறோம். அங்கிருந்து பார்த்தால் அந்த இணைப்பில்லாத தகடுகள் தெரியும்.

இப்படிக்கு,
கையெழுத்திட்டுள்ள தறிக்காரர்கள், தோட்டக்காரர்கள் சார்பில்
ஆறு தறிக்காரர் ஒருவர்

இணைப்பு: கையெழுத்துப் பட்டியல், மின் இணைப்பு விண்ணப்ப நகல்.