ஆய்வேடு விற்பவரை எந்த விதி பிடிக்கும்?

மதிப்பிற்குரிய பல்கலைக்கழக மானியக் குழுத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். கருத்துத் திருட்டைத் தடுக்க நீங்கள் 2018-ல் கொண்டுவந்த விதிகளை நான் நன்றாகவே அறிவேன், அவற்றில் மாட்டியவள். கைத்தறி நெசவாளர் கடன் பற்றிய என் ஆய்வேட்டில் சிமிலாரிட்டி, அதாவது பிறர் எழுத்தோடு ஒத்துப்போவதாக மென்பொருள் காட்டும் பகுதி, 12 சதவீதம் வந்தது. 10-ஐத் தாண்டியதால் திருத்தித் தரச் சொன்னார்கள். பகலில் கௌரவ விரிவுரையாளர் வேலை, மாலையில் கேள்வித்தாளோடு வீடு வீடாக அலைச்சல். தறிச் சத்தத்தில் பதில் காதில் விழாமல் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டு எழுதிய ஆய்வேடு அது. இரண்டு மாதம் உட்கார்ந்து வாக்கியங்களை மாற்றினேன். சரி, விதி விதிதான்.

போன மாதம் வேறொருவரின் வைவாவுக்கு, அதாவது ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வுக்குப் போயிருந்தேன். அவருக்கு 3 சதவீதம். "மாதிரிக்கு இவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று வெளித்தேர்வாளர் கேட்டதும் தன் ஆய்வேட்டிலேயே அந்தப் பக்கத்தைத் தேடினார். கடைசியில் கைடுதான் எடுத்துக் கொடுத்தார். பட்டமும் கிடைத்தது. அப்புறம் காபி குடிக்கும்போது அவரே சொன்னார்: சாப்டருக்கு இவ்வளவு என்று பேசி எழுதி வாங்கினாராம். 10-க்குள் வராவிட்டால் பணம் வாபஸாம். உங்கள் விதியைக் கடைக்காரர்தான் கருத்தாகப் படித்திருக்கிறார்.

பிறர் படைப்பைத் தனதாகக் காட்டுவதே கருத்துத் திருட்டு என்கிறது உங்கள் விதி. தண்டனையோ சதவீதக் கணக்கில். புதிதாக எழுதி விற்றதை எந்த மென்பொருள் பிடிக்கும்? அயர்லாந்து 2019-லும் ஆஸ்திரேலியா 2020-லும் இங்கிலாந்து 2022-லும் காசுக்கு எழுதித் தருவதையே குற்றமாக்கிவிட்டன. இங்கேயும் விற்பவரைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும் என்று அரசுக்கு எழுதுங்கள்.

அந்தக் கடைக்கு எழுதுபவர் யார் தெரியுமா? உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வான நெட் தேறி, முனைவர் பட்டமும் வாங்கி, வேலை கிடைக்காதவர். கென்யாவின் நைரோபியில் வேலையில்லாப் பட்டதாரிகள் மேலைநாட்டு மாணவர்களுக்குக் கட்டுரை எழுதிப் பிழைக்கிறார்கள். அங்கே எழுதுபவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே கடல் இருக்கிறது. நமக்கு ஒரு தெரு போதும். பேராசிரியர் பணியிடங்களை ஆண்டுக்கணக்கில் காலியாக வைத்தால் படித்தவர் வேறு என்ன செய்வார்? ஆய்வேட்டுக் கடையையும் ஒரு வேலைவாய்ப்புத் திட்டமாக அறிவித்துவிடலாம்.

மன்னிக்கவும், கேட்க வந்தது அதுவல்ல. விற்பவரைத் தண்டிக்கச் சட்டம் கேளுங்கள். அதுவரை, வைவாவில் பதில் சொல்லத் தெரியாதவருக்குப் பட்டம் தரவேண்டாம் என்று ஒரு சுற்றறிக்கையாவது அனுப்புமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
12 சதவீதக்காரி