வீடு வருவதற்கு முன்பே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இடம் ஒதுக்குங்கள்: சிஎம்டிஏவுக்கும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சென்னையின் மூன்றாம் பெருந்திட்டத்தைத் தயாரிக்கிற சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழும அதிகாரிகளுக்கும், மக்கள் நல்வாழ்வுத் துறையில் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். இரண்டு துறையும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால்தான் தீரும் விஷயம் என்பதால் ஒரே கடிதம்.

2008-ல் வந்த இரண்டாம் பெருந்திட்டம் 2026-ஐ எல்லையாக வைத்து எழுதப்பட்டது. அடுத்தது 2046 வரைக்குமானது. ஏறக்குறைய 20 வருஷத்துக்கு ஒரு முறைதான் இந்த ஊரில் எந்த நிலம் எதற்கு என்று மொத்தமாக உட்கார்ந்து முடிவெடுக்கிறோம். இந்த முறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எங்கே இடம் என்று வரைபடத்தில் குறிக்காமல் விட்டுவிட்டால், அப்புறம் எவ்வளவு நிதி ஒதுக்கினாலும் கட்டுவதற்கு நிலம் கிடைக்காது. கிடைத்தாலும் அது ஊருக்கு வெளியே, பஸ் போகாத ஏரிக்கரை ஓரமாக இருக்கும்.

கணக்கையே பாருங்கள். கிராமப்புறச் சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், நகரத்தில் 50,000 பேருக்கு ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். இது நாடு முழுக்க இருக்கிற அளவுகோல். இப்போது ஒரு பில்டர் 1,000 ஃபிளாட் கட்டுகிறார் என்று வையுங்கள். வீட்டுக்கு 4 பேர் என்றால் 4,000 பேர், துணை நிலையத்துக்கான எண்ணிக்கையைக்கூட எட்டவில்லை. பக்கத்து நிலத்தில் இன்னொருவர் 600 ஃபிளாட், அதற்குப் பின்னால் மனைப்பிரிவு போட்டு 300 மனை, மெயின் ரோட்டில் வேறொருவர் 1,200. தனித்தனிக் கோப்பாகப் புரட்டினால் எதிலுமே ஒரு டாக்டரோ நர்ஸோ தேவை என்று தெரியாது. நான்கையும் கூட்டினால் 3,100 வீடு, 12,400 பேர். இரண்டு துணை நிலையம் கேட்கிற கூட்டம் அது. மேடவாக்கம், சித்தாலப்பாக்கம், முடிச்சூர், மாங்காடு, ஐயப்பன்தாங்கல் பக்கமெல்லாம் ஊர் வளர்ந்தது இப்படிக் கோப்பு கோப்பாகத்தான். கூட்டிப் பார்க்க வேண்டிய வேலை பில்டருடையது இல்லை, உங்களுடையது.

பெரும்பாக்கம் கதை வேறு. அங்கே கட்டியதே அரசு. நகரத்துக்குள் ஆற்றங்கரைகளில் இருந்த குடும்பங்களைக் கொண்டுவந்து வைத்த இடம், 20,000-க்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகள். அதே 4 பேர் கணக்குப்படி 80,000 பேர், அதாவது இரண்டரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் மேல். இந்த மக்கள் அதற்கு முன்பு ராயப்பேட்டை ஜிஹெச்சுக்கோ கீழ்ப்பாக்கத்துக்கோ நடந்தோ ஒரே பஸ்ஸிலோ போய் வந்தவர்கள். இருந்த வசதியிலிருந்து அவர்களைத் தூரமாக்கியது நாம்தான். அப்படியென்றால் வீட்டுச் சாவி கொடுக்கிற அன்றைக்கு அங்கே மருந்தும் ஆளும் தயாராக இருக்க வேண்டாமா? தனியார் கட்டுமானத்தில் மக்கள் எப்போது வருவார்கள் என்று ஊகிக்கத்தான் முடியும். மறுகுடியமர்வில் எத்தனை குடும்பம், எந்த பிளாக், எந்த மாதம் என்பது முன்கூட்டியே அரசின் கையில் இருக்கிறது. இனி ஒரு மறுகுடியமர்வுத் திட்டம்கூட மருத்துவ வசதி தயாராகாமல் திறக்கப்படக் கூடாது.

அடுத்தது மக்கள்தொகை. நம்மிடம் இருக்கும் கடைசி முழுக் கணக்கெடுப்பு 2011-ல் எடுத்தது. 2021-ல் நடந்திருக்க வேண்டியது நடக்கவில்லை. புறநகரில் 2011 எண்ணை வைத்துக்கொண்டு எத்தனை செவிலியர், எத்தனை மருத்துவர் என்று முடிவெடுத்தால் அந்த முடிவு நிச்சயம் தப்பாகத்தான் வரும். ஆனால் இதைவிட நல்ல தகவல் சிஎம்டிஏவிடமே இருக்கிறது. திட்ட அனுமதி கொடுக்கும்போதே எத்தனை வீடு என்று எழுதியிருக்கிறது, அதில் ஆட்கள் குடிவர இரண்டு மூன்று வருஷமாவது ஆகும். பணி நிறைவுச் சான்று கொடுக்கும்போது அந்த எண்ணிக்கை உறுதியாகிவிடும். இந்த இரண்டையும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, வார்டு வாரியாக, ஊராட்சி வாரியாக நல்வாழ்வுத் துறைக்குக் கொடுங்கள். பணியிடம் உருவாக்கி, நிதித் துறை ஒப்புதல் வாங்கி, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் ஆள் எடுத்து முடிக்க எவ்வளவு காலம் பிடிக்கும் என்று அந்தத் துறைக்குத்தான் தெரியும். அந்த அவகாசம் அவர்களுக்குக் கிடைக்க ஒரே வழி, தகவல் சீக்கிரம் போவதுதான்.

இப்போது நிலம். ஓஎஸ்ஆர் என்று 10 சதவீதத் திறந்தவெளி ஒதுக்கீடு இருக்கிறதே, அதில் கை வைக்கச் சொல்லவில்லை. பூங்காவும் விளையாட்டுத் திடலும் அப்படியே இருக்கட்டும், அதுவும் உடம்புக்கு வேண்டியதுதான். நான் கேட்பது வேறு. பெரிய மனைப்பிரிவுகளில் சாலை போக மீதி நிலத்தில் 1 சதவீதத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கி, பாதியை மின்வாரியத்துக்கும் பாதியை உள்ளாட்சிக்கும் கொடுக்கிறார்கள். சாலை போக 10 ஏக்கர் என்றால் உள்ளாட்சிக்கு 5 சென்ட். ஒரு துணை சுகாதார நிலையம் கட்ட 5 சென்ட் போதும். அந்த 5 சென்ட் எதற்கு என்று பெருந்திட்டத்திலேயே முடிவு செய்து, சுகாதார நிலையம் இல்லாத பகுதியில் முதல் உரிமை அதற்கு என்று எழுதிவிடுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு வேறு வழி. 2007 முதல் உள்கட்டமைப்பு, அடிப்படை வசதிக் கட்டணம் வசூலிக்கிறீர்கள். அதில் ஒரு பங்கு, வசூலான அதே பகுதியின் சுகாதார நிலையத்துக்குப் போகட்டும். கட்டடம் எழும்பும் வரை, தரைத்தளத்தில் இரண்டு அறையை வாடகைக்கு எடுத்தாவது தடுப்பூசியும் கர்ப்பிணிப் பரிசோதனையும் தொடங்கிவிடலாம்.

எல்லைப் பிரச்சினையையும் சொல்லியாக வேண்டும். செம்மஞ்சேரி மாநகராட்சிக்குள், ஒட்டியே இருக்கும் பெரும்பாக்கம் ஊராட்சி, ஓஎம்ஆரில் கொஞ்சம் தெற்கே போனால் நாவலூர், அது சிஎம்டிஏவின் 1,189 சதுர கிலோமீட்டர் பழைய பெருநகரப் பகுதிக்கே வெளியே. மூன்றும் ஒரே சாலைத் தொடர்ச்சியில் இருக்கின்றன, ஆனால் மருத்துவம் மாநகராட்சியின் சுகாதாரப் பிரிவு ஒன்று, மாநிலப் பொது சுகாதாரத் துறை ஒன்று என்று பிரிந்துபோகிறது. ஆறாவது, பத்தாவது, பதினாலாவது வாரம் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு தடுப்பூசிக்கு அலையும் தாய்க்கு எந்த வாசலுக்குப் போவது என்று குழப்பம் வரக் கூடாது. போக்குவரத்துக்குக் கும்டா (ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம்) என்று எல்லாத் துறையையும் ஒன்றாக உட்கார வைக்க முடிந்தபோது, மருத்துவத்துக்கும் அப்படி ஒரு ஏற்பாடு ஏன் கூடாது?

தனியார் மருத்துவமனைகள்தான் நிறைய வந்துவிட்டதே என்று சிலர் சொல்கிறார்கள். வந்திருக்கின்றன, பலருக்கு உதவியும் செய்கின்றன. ஆனால் டெங்கு வந்த வீட்டைச் சுற்றிக் கொசுப்புழு தேடவோ, ஊசி போட வராத குழந்தையின் வீட்டுக் கதவைத் தட்டவோ தனியார் ஆள் அனுப்பப்போவதில்லை. அந்த ஃபிளாட்டைக் கட்டுகிற வடமாநிலத் தொழிலாளர்கள், வாசலில் நிற்கும் காவலாளி, வீட்டு வேலைக்கு வரும் அக்கா எல்லோரும் அதே பகுதியில்தான் இருக்கிறார்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் மாத்திரை வாங்க அவர்களால் தனியாரிடம் போய் நிற்க முடியாது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இந்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகும் நல்ல திட்டம், ஆனால் தேடிப் போகிறவர் கிளம்பி வர ஒரு நிலையம் பக்கத்தில் இருக்க வேண்டுமே.

ஒன்று மட்டும் கவனமாக இருங்கள். கட்டடம் கட்டித் திறந்துவிட்டு ஆள் போடாமல் விடுவது, கட்டாமல் இருப்பதைவிட மோசம். நம்பி ஒரு முறை வந்து பூட்டிய கதவைப் பார்த்தவர் மறுபடி வர மாட்டார். இடம் குறிக்கும்போதே பணியிடத்தையும் சேர்த்துக் குறியுங்கள்.

உயரமான கட்டடத்துக்குத் தீயணைப்புத் துறையிடமும் போக்குவரத்துக் காவலிடமும் தடையின்மைச் சான்று கேட்கிறீர்கள். அந்த வரிசையில் நல்வாழ்வுத் துறையின் கருத்தையும் சேருங்கள், அனுமதியைத் தாமதப்படுத்துவதற்காக இல்லை, இன்னும் 4,000 பேர் வரப்போகிறார்கள் என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக. வரைவுத் திட்டத்தை மக்கள் கருத்துக்கு வெளியிடும்போது, சுகாதார நிலையங்களுக்காக ஒதுக்கிய நிலங்களின் பட்டியலைச் சர்வே எண்ணோடு, தமிழில், பின்னிணைப்பாகக் கொடுங்கள். எந்த இடத்துக்குப் பஸ் போகிறது, எது மழையில் மூழ்கும் என்பதை அந்தந்தப் பகுதியில் இருக்கிற நாங்கள் பார்த்துச் சொல்கிறோம்.

இப்படிக்கு,
தென்சென்னைப் புறநகரில் குடியிருக்கும் ஒருவர்